வளர்ந்தபின் பல்வரிசை திருந்துமா?



பல்லைப் பற்றிப் பேசப் பல் மருத்துவரை அழையாமல் ஒரு பழைய ஆசிரியனை அழைத்தது ஏன் என்று நீங்கள் எண்ணலாம். நான் மருத்துவன் அல்லேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றித் தலைமை ஆசிரியனாக ஓய்வு பெற்றவன். எனினும், இப்பொருளை நான் முயன்று கற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை முதலிற் சொல்லிவிடுதலே முறை.

1994ஆம் ஆண்டில் நான் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வந்தேன். பள்ளி ஆண்டு விழாவில் வரவேற்புரை படிக்க ஒரு மாணவனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வகுப்பில் எல்லாரினும் தெளிவாகப் படிக்கக்கூடியவன் ஒருவன் இருந்தான். ஆனால், அவனுடைய மேல்வரிசை முன்பற்கள் நான்கும் உதட்டுக்கு வெளியே நீண்டிருந்தன. உடன் பயின்றோர் அதனை வைத்து அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் சூட்டியிருந்தனர். நான் அவனை விட்டுவிட்டு, அவனளவு படிக்கத் தெரியாத வேறொருவனைத் தேர்ந்தெடுத்தேன். "மேடைக்கு இவன்தான் பார்க்க நன்றாக இருப்பான்" என்று வகுப்பறையிலேயே சொல்லவும் சொன்னேன். அவன் ஒன்றும் கூறவில்லை. ஆனால் அன்று முதல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசலானான்.

இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு, அவன் தன் பத்து வயது மகளுடன் என் வீட்டுக்கு வந்தான். இனி அவன் என்று சொல்லலாகாது. அவர் இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். பேசும்போது அவருடைய வலக்கை பழையபடியே வாயை மறைத்தது.

"ஐயா, மகளின் பல்லைக் காட்ட அரசு பல் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். மருத்துவர் அவளைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். 'உங்களுக்கும் சரி செய்யலாமே' என்றார். முப்பத்தேழு வயதில் பல் நகருமா, ஐயா? இந்த வயதில் கம்பி கட்டிக்கொண்டு போனால் ஊரார் சிரிக்கமாட்டார்களா?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அவ்விடையைத் தேடித் தரும் கடன் எனக்கு உண்டு என்பது மட்டும் தெரிந்தது. அன்று முதல் நூல்களைப் படித்தேன்; மருத்துவர்களைக் கேட்டேன்; அவருடன் மருத்துவமனைக்கும் சில முறை சென்றேன். அங்ஙனம் அறிந்தவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்துள்ளேன்.

சுருங்கச் சொன்னால், விடை இது: பல் எந்த வயதிலும் நகரும், ஆனால் தாடையின் வளர்ச்சி இருபது வயதை ஒட்டி நின்றுவிடும். ஆகவே, வளர்ந்த ஒருவர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி 'எந்தக் கம்பி நல்லது?' என்பது அன்று. 'என் குறை பல்லில் உள்ளதா, தாடையில் உள்ளதா?' என்பதேயாகும். இவ்வேறுபாட்டை உணர்ந்தால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

முதற்கண், பல்வரிசை என்பது வெறும் அழகுக்குரியதன்று என்பதை நோக்குவோம். தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலி பிறத்தற்குரிய எட்டு இடங்களைக் கூறுமிடத்துப் பல்லையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகின்றது. நீங்களே ஒலித்துப் பாருங்கள். பகரமும் மகரமும் இரண்டு உதடுகளும் பொருந்தப் பிறக்கின்றன. வகரம் மேற்பல்லும் கீழுதடும் பொருந்தப் பிறக்கின்றது. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நாவின் நுனி பொருந்தப் பிறக்கின்றன. முன்பற்கள் மிக நீண்டிருப்பின், உதடுகள் பொருந்துவதற்கே முயற்சி வேண்டும். அம்முயற்சியோடுதான் அச்சிறுவன் அத்துணைத் தெளிவாகப் படித்தான் என்பதை, தமிழாசிரியனாகிய நானே அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

நல்ல கடிவாய் என்பது எத்தகையது? பெட்டியின் மூடி பெட்டியைச் சற்றே வெளியில் தழுவி நிற்பதுபோல, மேல்வரிசை கீழ்வரிசையைச் சுற்றிலும் சிறிது வெளியே தழுவி நிற்கும். முன்பற்களில் மேற்பல் கீழ்ப்பல்லுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னே நின்று, ஏறத்தாழ அதே அளவு அதனை மூடியும் இருக்கும். கடைவாய்ப் பற்களின் மேடுகள் எதிர்வரிசையின் பள்ளங்களில் அமரும். இவ்வொழுங்கு பிறழ்வதையே கடிவாய்ப் பிறழ்ச்சி என்கிறோம். எத்துப்பல், தெற்றுப்பல், சிங்கப்பல் என்று நம் மக்கள் வழக்கிலேயே இதற்குப் பல பெயர்கள் உண்டு.

இப்பிறழ்ச்சிகளை முறைப்படுத்தி வகுத்தவர், அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள். 1899ஆம் ஆண்டில் அவர் வகுத்த வகைப்பாடு இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. ஆறு வயதில் முளைக்கும் முதல் பின்கடைவாய்ப் பல்லையே அவர் அளவுகோலாகக் கொண்டார். மேலும் கீழுமுள்ள அப்பற்கள் சரியாகப் பொருந்தியிருந்தும், மற்றைப் பற்கள் நெருக்கமாகவோ திரும்பியோ இருப்பது முதல் வகை. கீழ்ப்பல் உரிய இடத்துக்குப் பின்னே நிற்பது இரண்டாம் வகை. எத்துப்பல் உடையோர் பலர் இவ்வகையினர். கீழ்ப்பல் முன்னே நிற்பது மூன்றாம் வகை. கீழ்த்தாடை முன்னே நீண்டு, கீழ்முன்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே கடிக்கும் நிலையை இதில் காணலாம். இவையன்றி, மேற்பற்கள் கீழ்ப்பற்களை மிக ஆழமாக மூடுதலும், பின்பற்கள் பொருந்தியபோதும் முன்பற்கள் தொடாமல் இடைவெளி விட்டு நிற்றலும், ஒரு பக்கப் பற்கள் குறுக்காகக் கடித்தலும் உண்டு.

இவையெல்லாம் திருத்தியே ஆகவேண்டியவை அல்ல. சற்றே திரும்பிய ஒரு பல்லால் எவர்க்கும் கேடில்லை. ஆனால், நீண்ட முன்பற்கள் விழுந்தால் எளிதில் உடைவன. ஆழமாகக் கடிக்கும் கீழ்ப்பற்கள் மேலண்ணத்தைப் புண்ணாக்குவன. நெருக்கமான பற்களின் இடுக்கில் அழுக்குத் தங்கி ஈறு கெடுவதும் உண்டு. இவற்றோடு, மனத்தின் துன்பத்தையும் சேர்த்தல் வேண்டும். இருபத்து நான்கு ஆண்டுகள் ஒருவர் கை அவர் வாயை மறைத்ததென்றால், அதனைச் சிறு குறை என்று எங்ஙனம் தள்ளிவிட முடியும்?

இனி, பல் எவ்வாறு நகர்கின்றது என்பதைக் காண்போம். பல் எலும்பில் அறையப்பட்ட ஆணி அன்று. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே அகலமுள்ள மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. அதில் எண்ணற்ற நுண்ணிய நார்கள் வேரை எலும்போடு பிணைத்து நிற்கின்றன. கயிற்றுக் கட்டிலில் ஒருவர் படுத்திருத்தல்போல, பல் அந்நார்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றது எனலாம். கடிக்கும்போது உண்டாகும் அழுத்தத்தை அந்நார்கள் தாங்கிக்கொள்கின்றன.

அப்பல்லை மெல்லிய விசையால் இடைவிடாது ஒரு பக்கம் தள்ளினால் என்ன ஆகும்? தள்ளப்படும் பக்கத்தில் நார்கள் நசுங்குகின்றன. அங்கே எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் தோன்றி எலும்பை அரிக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபடுகின்றன. அங்கே எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் புதிய எலும்பை இடுகின்றன. ஆறு ஒரு கரையை அரித்து மறுகரையில் மணலைச் சேர்த்துக்கொண்டே தன் போக்கை மாற்றிக்கொள்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பல்லும் அவ்வாறே எலும்பினூடே ஊர்ந்து செல்கின்றது. 1904, 1905ஆம் ஆண்டுகளில் சுவீடன் நாட்டுக் கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பற்களில் ஆய்வு செய்து, இவ்வுண்மையை நுண்ணோக்கியின்கீழ்க் கண்டறிந்தார்.

எலும்பை அரித்தலும் கட்டுதலும் நம் உடலில் வாழ்நாள் முழுவதும் நிகழ்வன. கை முறிந்த முதியவர்க்கும் எலும்பு கூடுகிறதன்றோ? ஆகவேதான் ஐம்பது, அறுபது வயதிலும் பல் நகரும் என்கிறோம். இளமையில் விரைவாகத் தொடங்கும், முதுமையில் சற்றுத் தாமதமாகத் தொடங்கும், வேறுபாடு அவ்வளவே.

விசையைக் கூட்டினால் பல் விரைவில் நகரும் என்று நினைத்தல் தவறு. 1932ஆம் ஆண்டில் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதனை ஆராய்ந்து, வேரின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் அளவான விசையே தக்கது என்றார். நுண்குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தை விசை மீறலாகாது என்பதே அவர் கருத்து. அதனை மீறினால் நசுங்கிய இடத்தில் இரத்தம் ஓடாது; இரத்தம் ஓடாத இடத்தில் எலும்பை அரிக்கும் அணுக்களும் வேலை செய்யா; பல் நகராமல் நின்றுவிடும்; வேரின் நுனி கரைந்து குட்டையாகவும் கூடும். மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்பதே பல்லின் இயற்கையான நடை. 'மூன்றே மாதத்தில் முழுத் திருத்தம்' என்று எவரேனும் விளம்பரம் செய்தால், இக்கணக்கை நீங்கள் நினைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

பல்லை நகர்த்தும் முயற்சி பழமையானது. 1728ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பியேர் போஷார், துளைகளிட்ட உலோகப் பட்டை ஒன்றை வளைத்து, அதனோடு பற்களை நூலாற் கட்டி நேராக்கும் முறையைத் தம் நூலில் எழுதினார். பிற்காலத்தில் ஒவ்வொரு பல்லையும் உலோக வளையத்தால் சுற்றிக் கட்டினர். 1955ஆம் ஆண்டில் மைக்கேல் புவனகோர் என்னும் அமெரிக்கர், பாஸ்பாரிக் அமிலத்தால் பல்லின் எனாமலைச் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் உறுதியாகப் பற்றும் என்று காட்டினார். அதன் பயனாகவே, இன்று வளையமின்றிச் சிறு தாங்கிகளைப் பல்லின்மேல் நேரே ஒட்ட முடிகின்றது. 1960களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் உருவான நிக்கல் டைட்டானியக் கலப்புலோகம், மிகுதியாக வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே மெல்லத் திரும்பும் இயல்புடையது. அவ்வுலோகக் கம்பி 1970களில் பல் மருத்துவத்துக்கு வந்தது. மெல்லிய, இடைவிடாத விசைக்கு அஃது ஏற்றதாயிற்று.

இனி, வளர்ந்தவர்க்கு இன்றுள்ள வழிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலாவது, மக்கள் 'கிளிப்' என்று கூறும் நிலைத்த கம்பி முறை. ஒவ்வொரு பல்லின் மேலும் ஒரு தாங்கியை ஒட்டி, அவற்றினூடே கம்பியைச் செலுத்துவர். கம்பி நேராக முயலும்போது பற்களும் நேராகின்றன. நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரைக் காணல் வேண்டும். பல்லைத் திருப்பவும், மேலே கீழே இழுக்கவும், வேரோடு நகர்த்தவும் இம்முறை வல்லது. தாங்கிகள் உலோகத்தாலோ, பல்லின் நிறமுடைய பீங்கானாலோ அமையும். பீங்கான் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விலை கூடுதல், உடையவும் கூடும்.

இரண்டாவது, தாங்கிகளைப் பல்லின் உட்புறத்தில், நாவின் பக்கம் ஒட்டும் முறை. 1970களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இது வளர்ந்தது. வெளியே சிறிதும் தெரியாது என்பது இதன் நன்மை. தொடக்கத்தில் நாவில் உராய்ந்து பேச்சைத் தடுமாறச் செய்வதும், செலவு மிகுவதும் இதன் குறைகள்.

மூன்றாவது, 'அலைனர்' எனப்படும் ஒளி ஊடுருவும் உறைகள். 1990களின் இறுதியில் கலிபோர்னியாவில் வாணிகமுறையில் தொடங்கிய இம்முறையில், கணினியின் துணையால் பல்வரிசையின் ஒவ்வொரு படிநிலைக்கும் ஓர் உறை செய்வர். ஓர் உறை பல்லை ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் நகர்த்தும்; ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அடுத்த உறைக்கு மாறுதல் வேண்டும். உண்ணும்போதும் பல் துலக்கும்போதும் கழற்றிவிடலாம். அந்நன்மையே அதன் குறையுமாம். நாளொன்றுக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் அணியாதவர்க்கு அது பயன் தராது. நெருக்கம், சிறு இடைவெளி போன்றவற்றுக்கு அது நன்று. பெரிய கடிவாய்ப் பிறழ்ச்சிக்கும், உருண்டை வேருள்ள பல்லை மிகுதியாகத் திருப்புதற்கும் கம்பியே பெரும்பாலும் வலியது.

நான்காவது, தாமே கழற்றி மாட்டும் தகடுகள். ஒரு பல்லை மட்டும் சாய்த்து நகர்த்த வேண்டுமாயின் இவை போதும். பெரிய திருத்தத்துக்கு இவை உதவா.

இம்முறைகள் எதனைக் கொண்டாலும், பற்கள் நகர்வதற்கு இடம் வேண்டுமன்றோ? சிறு நெருக்கமாயின், பற்களின் பக்கங்களில் எனாமலை மில்லிமீட்டரின் சிறு பின்ன அளவு தேய்த்து இடம் காண்பர். பெரு நெருக்கமாயின், முன்கடைவாய்ப் பற்கள் இரண்டையோ நான்கையோ எடுத்துவிட்டு, அவ்விடத்தை நிரப்புமாறு மற்றவற்றை நகர்த்துவர். ஒன்றை இழுக்கும்போது, பிடித்திழுக்கும் பின்பல்லும் எதிராக முன்னே வந்துவிடும். தோணியிலிருந்து கரையிலுள்ள கட்டையைக் கயிற்றால் இழுத்தால் தோணியும் நகர்வதில்லையா? அதனைத் தடுக்க, எலும்பில் சிறு டைட்டானியத் திருகாணி ஒன்றை மருந்தால் மரக்கச் செய்து பொருத்தி, அதனைப் பிடிமானமாகக் கொள்கின்றனர். வேலை முடிந்ததும் அதனை எடுத்துவிடுவர்.

இதுகாறும் கூறியவை குறை பல்லில் உள்ளபோது பயன்படுவன. குறை தாடையிலிருந்தால்? வளரும் பிள்ளைகளுக்கு, தாடையின் வளர்ச்சியைத் தூண்டவோ திசை திருப்பவோ கருவிகள் உண்டு. கணக்கரின் பத்து வயது மகளுக்கு மருத்துவர் அதனையே எண்ணினார். வளர்ந்தவர்க்கு அவ்வாயில் அடைபட்டுவிட்டது. அவர்க்கு எஞ்சியவை இரண்டே. ஒன்று, தாடையின் குறையை அப்படியே விட்டு, பற்களை மட்டும் நகர்த்திக் குறையை மறைத்தல். மற்றொன்று, அறுவை மருத்துவத்தால் தாடை எலும்பையே நகர்த்துதல்.

தாடை அறுவை மருத்துவத்தில் பெரும் திருப்பம் 1957ஆம் ஆண்டில் நேர்ந்தது. சூரிச் நகரில் பணியாற்றிய ஹூகோ ஓப்வெகேசர், வாய்க்குள்ளிருந்தே கீழ்த்தாடை எலும்பை நெடுக்காகப் பிளந்து, முன்னோ பின்னோ நகர்த்திப் பொருத்தும் முறையை வெளியிட்டார். முகத்தில் தழும்பு விழாது. இன்று நகர்த்திய எலும்பைச் சிறு டைட்டானியத் தகடுகளாலும் திருகாணிகளாலும் பிணைக்கின்றனர். அறுவைக்கு முன்னும் பின்னும் கம்பி மருத்துவம் வேண்டும். முன்னர்ச் செய்யும் கம்பி மருத்துவத்தால் முகம் சில காலம் முன்னையினும் குறையுடையதாகத் தோன்றவும் கூடும். கீழுதட்டில் மரத்த உணர்வு சிலர்க்குச் சில மாதமும், சிலர்க்கு நிலையாகவும் தங்கிவிடலாம். மெல்லவும் பேசவும் இயலாத அளவு தாடை பிறழ்ந்தோர்க்கு இது வாழ்வளிக்கும் மருத்துவம். சிறு குறையுடையோர் இதனை நாடுவதற்குமுன் பலமுறை சிந்தித்தல் வேண்டும்.

மீண்டும் நம் கணக்கரிடம் வருவோம். எக்ஸ்ரே படமும் பல்வரிசையின் அச்சும் எடுத்தபின், மருத்துவர் அவரிடம் இரண்டு வழிகளையும் விளக்கினார். மேல்முன்பற்கள் ஒன்பது மில்லிமீட்டர் முன்னே நின்றன; கீழ்த்தாடையும் சற்றே குட்டை. மேல்வரிசையில் முன்கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்து முன்பற்களைப் பின்னே இழுப்பது ஒரு வழி. கீழ்த்தாடையை அறுவையால் முன்னே கொணர்வது மறுவழி. "முதல் வழியில் பல் உள்ளே போகும், உதடு மூடும். ஆனால் முகவாய் இப்போதுள்ளபடியே சற்று உள்வாங்கித்தான் இருக்கும்" என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். அவர் இரண்டு வாரம் எண்ணிப் பார்த்து முதல் வழியையே கொண்டார். "எனக்கு வேண்டியது புதிய முகம் அல்ல, ஐயா, வாய் மூட வேண்டும், அவ்வளவுதான்" என்றார். வேறொருவர் மறுவழியைக் கொண்டிருக்கலாம், அதுவும் தவறன்று. அறிந்து தேர்ந்தார் என்பதே முக்கியம்.

ஆயினும் உடனே கம்பி கட்டவில்லை. அவர்க்கு ஈறுநோய் இருந்தது. ஈறு வீங்கிக் குருதி கசியும்போது பல்லை நகர்த்தினால், பல்லைத் தாங்கும் எலும்பு மேலும் அழியும். ஆகவே முதல் மூன்று மாதங்கள் ஈற்றுக்கே மருத்துவம் நடந்தது. வளர்ந்தோர் மருத்துவத்தில் இத்தகைய தடைகள் பல உண்டு. நீரிழிவு கட்டுப்படாதவர்களும், புகை பிடிப்பவர்களும், எலும்பு மெலிவுக்குச் சில மருந்துகளை உட்கொள்பவர்களும் அவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். எலும்பில் ஊன்றிய செயற்கைப் பல்லுக்கு நார்கள் இல்லை. ஆதலின் அது நகராது. அத்தகைய பல் வேண்டுவோர், கம்பி மருத்துவம் முடிந்தபின்னரே அதனை ஊன்றிக்கொள்ளுதல் பெரும்பாலும் நன்று.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கம்பி கட்டினர். முதல் வாரம் பல் நொந்தது. கஞ்சியும் தயிர்ச்சோறுமே உணவு. முறுக்கும் கடலை மிட்டாயும் இரண்டு ஆண்டுகளுக்கு விலக்காயின. உண்டபின் ஒவ்வொரு முறையும் துலக்காவிடில் தாங்கியைச் சுற்றி வெண்புள்ளி விழுந்து பல் சொத்தையாகும் என்பதால், அலுவலகத்துக்கும் துலக்கியைக் கொண்டு சென்றார். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்தது. மருத்துவமனைக்குச் செல்ல முடியாமல் சில மாதங்கள் கழிந்தன. கம்பியின் நுனி கன்னத்தைக் குத்தியது. மருத்துவர் தொலைபேசியில் சொன்னபடி மெழுகை உருட்டி அதன்மேல் அப்பிக்கொண்டார். 2021ஆம் ஆண்டின் இறுதியில் கம்பியைக் கழற்றினர்.

சங்கத்தில் சிலர் சிரிக்கத்தான் செய்தனர். 'மகளுக்குக் கட்ட வேண்டியதை அப்பா கட்டிக்கொண்டார்' என்றும் பேசினர். ஆறு மாதத்தில் அப்பேச்சு ஓய்ந்தது. அதன்பின் சிரித்தவர்களில் ஒருவரே தம் மனைவியை அழைத்துக்கொண்டு அவரிடம் மருத்துவமனையின் வழி கேட்டு வந்தார்.

கம்பியைக் கழற்றியதோடு வேலை முடிந்ததென்று எண்ணுதல் பெரும் பிழை. பல்லைச் சூழ்ந்த ஈற்று நார்கள் புதிய நிலைக்குப் பழக ஓராண்டு வரையிலும் ஆகும். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். அன்றியும், வயது ஏற ஏறப் பற்கள் இயல்பாகவே நெருங்கும். ஆதலின், பல்லின் உட்புறத்தில் ஒட்டிய மெல்லிய கம்பியோ, இரவில் அணியும் 'ரிடெய்னர்' எனப்படும் தகடோ நெடுங்காலம் வேண்டும். வாழ்நாள் முழுவதும் வேண்டும் என்றே இன்று மருத்துவர் பலர் கூறுகின்றனர். இதனைக் கேளாமல் பல ஆயிரம் செலவிட்ட திருத்தத்தை இழந்தவர் பலர்.

இன்னும் சில எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். மருத்துவர் நேரிற் பார்க்காமல், அஞ்சலில் அச்சுப் பெற்று அஞ்சலிலேயே உறைகளை அனுப்பும் வாணிகம் சில நாடுகளில் பரவியது. அமெரிக்காவில் அத்தகைய பெரிய நிறுவனம் ஒன்று 2023ஆம் ஆண்டு டிசம்பரில் திடீரெனக் கடையை மூடியது. மருத்துவம் பாதியில் நின்ற மக்கள் செய்வதறியாது திகைத்தனர். எக்ஸ்ரே எடுக்காமல் பல்லை நகர்த்துதல், ஆழம் பாராமல் ஆற்றில் இறங்குவதை ஒக்கும். பல்லில் ரப்பர் வளையத்தை மாட்டித் தாமே இடைவெளியை மூட முயன்றோர், அது வேரடிக்கு நழுவிச் சென்று பல்லையே இழந்ததும் உண்டு. பல் நேரானால் தாடை மூட்டு வலியும் தலைவலியும் உறுதியாகத் தீரும் என்று எவரேனும் வாக்களித்தால், அதனையும் நம்பிவிடாதீர்கள். அதற்குத் தக்க சான்று இல்லை.

யாரிடம் செல்வது? பல் மருத்துவப் பட்டம் பெற்றபின், மேலும் மூன்றாண்டு பல்சீரமைப்பையே தனியாகப் பயின்ற மருத்துவர் உண்டு. அவரைத் தேடிச் செல்லுதல் நன்று. பொருள் குறைந்தோர் மனம் தளர வேண்டுவதில்லை. சென்னையில் 1953ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய பல் மருத்துவக் கல்வி, இன்று தனி அரசுக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. இத்தகைய கல்லூரி மருத்துவமனைகளில், தனியார் மருத்துவமனையினும் குறைந்த செலவில் மருத்துவம் பெறலாம். காத்திருக்கும் பொறுமை வேண்டும். மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: குறை பல்லிலா, தாடையிலா? வேறு வழி உண்டா? எதனைத் திருத்த இயலாது? ஒன்றும் செய்யாவிடில் என்ன ஆகும்? இந்நான்குக்கும் பொறுமையாக விடை கூறுபவரே நல்ல மருத்துவர்.

மாணவர்களே, கதையின் முடிவைச் சொல்லி நிறுத்துகிறேன். கம்பி கழற்றிய பின் ஒரு நாள் கணக்கர் என் வீட்டுக்கு வந்தார். உதடுகள் அழகாக மூடியிருந்தன. ஆனால் பேசத் தொடங்கியதும் அவருடைய வலக்கை தானே எழுந்து வாயை நோக்கிச் சென்றது. பாதி வழியில் அதனை அவரே உணர்ந்து கீழே இறக்கினார். "பல் மூன்று ஆண்டில் நகர்ந்துவிட்டது, ஐயா. கைதான் இன்னும் நகரவில்லை" என்றார். நான் 1994ஆம் ஆண்டு வகுப்பறையில் சொன்ன சொல்லை அவரிடம் நினைவூட்டி, அதற்காக மன்னிப்புக் கேட்டேன். "அது எனக்கு நினைவில்லை, ஐயா" என்றார். என் மனத்தை நோகச் செய்யாமலிருக்கவே அவர் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பல்லை நகர்த்த மருத்துவம் உண்டு. வயது அதற்குத் தடையன்று. ஆனால் பள்ளியில் ஒருவன்மேல் விழுந்த சொல்லை நகர்த்தும் கம்பி எவரும் இன்னும் செய்யவில்லை. உங்கள் வகுப்பில் பல்லை வைத்து ஒரு பட்டப்பெயர் வழங்குமாயின், அதனை நாளைக்கே கைவிடுங்கள். வீட்டில் அப்பாவோ, அம்மாவோ, அத்தையோ வாயை மறைத்துச் சிரிப்பதைக் கண்டால், 'இந்த வயதிலும் முடியும்' என்று அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் கேட்பதும் கேளாமையும் அவர்கள் விருப்பம். முடியும் என்பதை அறிந்திருத்தல் அவர்கள் உரிமை.